சுவரில் ஸ்லைஸ் பழகுவது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபின் பேக்ஹேண்ட் ஸ்லைஸ்தான், அதாவது புறங்கைப் பக்கமாகப் பந்தை மேலிருந்து கீழாக வெட்டி அடிப்பது. 1988-இல் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளோடு சியோல் ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். மொத்தம் 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள்!

கோர்ட் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பூச்சு உதிராத சுவரில் மூன்றடி உயரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள், அதுதான் வலை. ராக்கெட்டைச் சுத்தியல் மாதிரி பிடியுங்கள். வலக்கைக்காரர் என்றால் வலது தோள் சுவரைப் பார்க்கட்டும். இடது கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துத் தோளுக்கு மேலே கொண்டுபோங்கள். பந்து முன்காலைத் தாண்டும் முன்பே, மணிக்கட்டு மடங்காமல், மேலிருந்து கீழாக வெட்டி முன்னே தள்ளுங்கள். கோட்டை ஒட்டிப் போனால் சரி; எகிறினால் ராக்கெட் முகம் அதிகம் திறந்திருக்கிறது, அதாவது வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

அப்புறம் கால். கிராஃபிடம் எனக்கு உயிர் அதுதான். அடித்ததும் நிற்காதீர்கள், சின்னச் சின்ன அடி வைத்து அடுத்த பந்துக்கு நகருங்கள்.