கிரில்லில் கரி மூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரி பற்றவில்லை என்றால் உடனே இன்னும் கொஞ்சம் காகிதம், இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னொரு தீக்குச்சி என்றுதான் கை போகும். அடியில் காற்று வருகிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மரத்தைக் காற்று அதிகம் படாமல் சுட்டு, ஈரத்தையும் எளிதில் ஆவியாகும் பொருள்களையும் வெளியேற்றிய பிறகு மிஞ்சுவதுதான் கரி. விறகில் அந்த வாயுக்கள் சுவாலையாக எரிந்து பக்கத்துக் கட்டைக்குத் தாவும். கரியில் வாயு குறைவு என்பதால் அது மேற்பரப்பில்தான் கனலும், நெருப்பு மெதுவாகத்தான் பரவும். ஆகவே அதற்கு ஒரே இடத்தில் சில நிமிடங்கள் விடாமல் சூடு வேண்டும். கீழிருந்து மேலே காற்றும் ஓட வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால், கரியை ஒற்றை அடுக்காகப் பரப்பி நடுவில் தீ வைப்பது ஏன் சரிவராது என்று புரியும். தனித்தனியாகக் கிடக்கும் துண்டுகள் சூட்டை இழந்துவிடும். குவித்து வைத்தால் ஒன்றின் சூடு இன்னொன்றைப் பற்றவைக்கும். நன்றாகப் பற்றிய பிறகு பரப்பிக்கொள்ளலாம்.

போன முறையின் சாம்பலை அள்ளாமல் மேலேயே புதுக் கரி கொட்டுவதும் பரவலாக நடக்கிற தவறுதான். சாம்பல் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மூட்டுகிற நேரத்தில் கீழ்த் துளைகள் முழுவதும் திறந்திருக்க வேண்டும், மூடியும் திறந்தே இருக்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்துவது பிறகு செய்யும் வேலை. மூட்டைக் கரியை வாய் திறந்து மழைச்சாரல் படும் இடத்தில் வைத்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்தக் கரி புகையுமே தவிர சட்டென்று பிடிக்காது. ஈரம் ஏறிய பிரிக்கெட், அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி, உதிர்ந்தே போகலாம்.

இருக்கிற வழிகளில் எனக்குப் பிடித்தது சிம்னி ஸ்டார்ட்டர்தான். இரண்டு பக்கமும் திறந்த ஓர் இரும்பு உருளை, உள்ளே ஒரு சல்லடைத் தட்டு, பக்கத்தில் கைப்பிடி. மேலே கரி, கீழே காகிதம். சூடான காற்று மேலே ஏறும்போது கீழிருந்து புதுக் காற்றை இழுக்கும் என்பதால் விசிறவே வேண்டாம். இவ்வளவு எளிய சாமானிலும் சொதப்ப வழி இருக்கிறது. காகிதத்தைக் கல் மாதிரி இறுக்கிச் சுருட்டி அடைத்தால் காற்றுப் பாதை போய்விடும். இரண்டு தாளைத் தளர்வாகச் சுருட்டி, நடுவில் ஓட்டை விட்டு வளையமாக வையுங்கள். காகிதத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் கூடுதல் நேரம் எரியும். வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம். பெயின்ட் அடித்த பலகைத் துண்டும் பிளைவுட்டும் கட்டாயம் வேண்டாம், அவற்றின் புகையே கெடுதல்.

முதல் சில நிமிடங்கள் அடர்த்தியாக வெள்ளைப் புகை வரும். தீ அணைந்துவிட்டது என்று நினைத்து அப்போது கிளறாதீர்கள். கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் மேலே சுவாலை தலைகாட்டும், மேல் துண்டுகளின் விளிம்பு சாம்பல் நிறமாகும். அதுதான் கொட்டும் நேரம். எல்லாம் வெள்ளையாகப் பூக்கட்டும் என்று காத்திருந்தால், அடியில் இருப்பது வெந்து பாதியாகியிருக்கும், சமைக்கச் சூடு மிஞ்சாது.

உருளையை எங்கே வைத்து மூட்டுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். கான்கிரீட் தரையில் வைத்தால் அந்தச் சூட்டில் தரை விரிசல் விடலாம், பெயர்ந்தும் போகலாம். காய்ந்த புல்லோ மரத்தளமோ என்றால் சொல்லவே வேண்டாம். கிரில்லின் கம்பித் தட்டின் மேலேயே வைப்பது நல்லது. கொட்டும்போது கையுறை போட்டுக்கொண்டு, உடம்பிலிருந்து விலக்கிச் சாயுங்கள். காலில் செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும்.

அப்புறம் லைட்டர் ஃப்ளூயிட், அதாவது கரி பற்றவைக்கவே விற்கும் எரிதிரவம். கரியில் ஊற்றி, ஊறச் சில நிமிடம் விட்டு, பற்றவைத்து, நீறு பூக்கும்வரை மூடாமல் எரியவிட்டால் இதுவும் வேலை செய்யும். பலரும் அந்தக் காத்திருப்பைச் சுருக்கிக்கொண்டு, உணவில் எண்ணெய் வாடை வருகிறது என்பார்கள். ஆபத்தான தவறு வேறொன்று. தீ மங்கிவிட்டது என்று நினைத்து, சூடான கரியின் மேல் மறுபடி பீய்ச்சுவார்கள். திரவம் சூட்டில் உடனே ஆவியாகும், அந்த ஆவி பட்டென்று பிடித்துக் கையிலிருக்கும் டப்பா வரைக்கும் ஓடி வரலாம். கரிக்கு ஒருமுறை தீ வைத்த பிறகு ஒரு சொட்டுகூட இல்லை என்பதில் எந்த விலக்கும் கிடையாது. பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும். கமாடோ போன்ற பீங்கான் அடுப்பிலும் ஃப்ளூயிட் கூடாது. அதன் சுவரில் இருக்கும் நுண்துளைகளில் ஊறிப்போனால் பல சமையலுக்கு அந்த வாடை தொடரும்.

குறைந்த சூட்டில், புகையில் உணவை மெல்ல வேகவைக்கும் ஸ்மோக்கரில் நிலைமை தலைகீழ். அங்கே கரியை நன்றாக மூட்டுவதே தவறாகிவிடும். மணிக்கணக்கில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய அடுப்பில், சிம்னி நிறையக் கங்கைக் கொட்டினால் வெப்பம் எங்கோ போய்விடும். சூட்டை ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். பீங்கான் அடுப்பு என்றால் இன்னும் கஷ்டம், சுவரே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பற்றாத கரியை நிரப்பி, அதன் மேல் கொஞ்சமே கொஞ்சம் கங்கை வைப்பதுதான் வழி. அமெரிக்காவில் இதை மினியன் முறை என்பார்கள், ஜிம் மினியன் என்பவர் பெயரால். நெருப்பு மெல்ல மெல்லப் பக்கத்துக் கரியைப் பிடித்துக்கொண்டு போகும். வேண்டிய வெப்பம் வருவதற்குச் சற்று முன்பே துளைகளைக் குறைக்கத் தொடங்க வேண்டும், வந்த பிறகு குறைத்தால் தாண்டிவிடும்.

இந்த முறையில், தீக்குச்சி வைத்தவுடன் பற்றும்படி எண்ணெய் ஊறவைத்து விற்கும் பிரிக்கெட் வேண்டாம். உணவு உள்ளே இருக்கும்போதுதான் அடுத்தடுத்த கரி பற்றும், அந்த எண்ணெய்ப் புகை நேரே உணவில் ஏறும். வெள்ளைப் புகை கனமாக வரும்போதே உணவை வைத்துவிடுவதும் கூடாது, கசப்பு ஏறும். புகை மெலிந்து லேசான நீலமாகட்டும். காற்றுக் குறைத்து வைத்த கமாடோவின் மூடியைச் சட்டென்று திறந்தால் காற்று பாய்ந்து தீ முகத்துக்கு எழும்பும். முதலில் சிறிது தூக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு திறங்கள்.

மின்சாரக் கம்பிச்சுருள், சூடான காற்றுத் துப்பாக்கி, கேஸ் டார்ச் எல்லாம் நல்ல கருவிகள்தான். மரத்துண்டாகவே வரும் கரி டார்ச் சூட்டில் வெடித்துப் பொறி பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுருளைக் கரியிலிருந்து எடுத்ததும் எங்கே வைப்பது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மழை வந்துவிட்டது என்று வண்டிக் கொட்டகைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்பை நகர்த்துபவர்கள் இருக்கிறார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் உயிரை வாங்கிவிடும். சமையல் முடிந்து தணல் மங்கிய பிறகும் அது வெளிவந்துகொண்டே இருக்கும் என்பதால், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உள்ளே கொண்டுவருவதும் அதே அளவு ஆபத்து.

சரி, சமையல் முடிந்தது. தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள்: நீராவியும் சாம்பலும் மேலே எழும்பும், சூடான பீங்கான் விரிசல் விடலாம். மேலும் கீழும் துளைகளை மூடிவிட்டால் காற்றில்லாமல் கரி தானே அணையும். நீறு பூத்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கக்கூடும், ஆகவே சாம்பல் பிளாஸ்டிக் தொட்டிக்கோ காகிதப் பைக்கோ போகக்கூடாது, மூடியுள்ள இரும்பு வாளிக்குத்தான் போக வேண்டும். மிஞ்சிய கரியை உதறி, பொடியைக் கழித்துவிட்டு, அடுத்த முறை புதுக் கரியோடு கலந்து மூட்டலாம். பொடியோடு போட்டால் துளை மறுபடி அடைத்துக்கொள்ளும்.