வரத்து வாய்க்காலை ஊர்கூடி வெட்டுவது எப்படி

மழை பெய்தும் கண்மாய் நிரம்பவில்லையா? முதலில் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை நடந்து பாருங்கள். வழி தூர்ந்து கிடந்தால் கரையை உயர்த்திப் பயனில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிடும். ஆவணிக்குள் வேலை முடிய வேண்டும்.

கண்மாயின் பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் என்றால் அது பெரும்பாலும் நீர்வளத்துறையின் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அங்கே எழுத்தில் அனுமதி வாங்கி, சர்வேயரை வைத்து எல்லையை அளந்துகொள்ளுங்கள். ஆக்கிரமிப்புத் தகராறை மண்வெட்டியோடு நிற்கும் கூட்டத்திடம் விடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. 500 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 30 செ.மீ. வண்டல் என்றால் 300 கன மீட்டர் மண். பழக்கமில்லாதவர்களும் வருவார்கள் என்பதால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கன மீட்டர் என்று வையுங்கள். 200 ஆள்நாள் ஆகும்.

இதை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'வீட்டுக்கு ஓர் ஆள், நாலு நாள்' என்று கேட்டால் வருவார்கள். பாதிப் பேர் நிழலில் நிற்பார்கள். நாளைக் கேட்காமல் நீளத்தைக் கொடுங்கள். 50 ஏக்கர் பாசனம் என்றால் ஏக்கருக்கு 10 மீட்டர். எல்லோர் முன்னாலும் கயிறு பிடித்து அளந்து முளை அடியுங்கள். முள் மண்டிய இடத்தில் பாதி நீளம் போதும். எந்தத் துண்டு யாருக்கு என்பதற்குத் திருவுளச்சீட்டு. வர முடியாதவர் ஆள் அனுப்பலாம், அல்லது கூலியைக் கட்டலாம். இந்தத் தொகையை முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். ஊரார் சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராதவரிடம் பணமாக வசூலிக்க 1858-ம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்தது. நிலமில்லாத குடும்பங்களிடம் இலவச உழைப்பு கேட்காதீர்கள். தண்ணீர் யார் வயலுக்குப் போகிறதோ அவர்கள்தான் வெட்ட வேண்டும். மற்றவர்கள் வந்தால் கூலி கொடுத்துவிடுங்கள்.

துண்டு துண்டாக வெட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. பங்கும் பங்கும் சேரும் இடத்தில் இரண்டு பேருமே விட்டுவிட, அங்கே மேடு நிற்கும். அதற்கு மேலே தண்ணீர் தேங்கும். இதைத் தவிர்க்க, தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பார்த்து ஒவ்வொரு எல்லையிலும் அடிமட்டத்தைக் குறித்துக் கொடுங்கள். 100 மீட்டருக்கு 5 முதல் 10 செ.மீ. இறங்கினால் போதும். அதற்கு மேல் ஆழம் தோண்டினால் பள்ளத்தில் வண்டல் படியும்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஓரடி தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் அத்தனையும் உள்ளே வந்துவிடும். வண்டலை வயலுக்குக் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும்.

காலை 6 முதல் 10 மணி வரை வேலை. 40 பேருக்கு எட்டுப் பத்துக் குடம் தண்ணீர், கூடவே கூழோ நீராகாரமோ.

முதல் தண்ணீர் வரும்போது இரண்டு பேர் மேலிருந்து கண்மாய்வரை அதன்கூடவே நடக்கட்டும். தேங்கும் இடங்களில் குச்சி நட்டு வந்தால், தண்ணீர் வடிந்ததும் நாலு பேர் போய் அரை நாளில் சரிசெய்துவிடலாம்.