எம்ஜிபியின் ஃப்ளைவீலை லேசாக்க வேண்டுமா?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினை வெளியே எடுக்காமல் கிளட்ச் மாற்ற முடியாது. எனவே கிளட்ச் தேய்ந்து எஞ்சின் இறங்கும் நாள்தான் ஃப்ளைவீலை, அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரத்தை, லேசாக்குவது பற்றி யோசிக்க ஏற்ற நாள். இதற்காகவே எஞ்சினைக் கழற்றுவது வீண் செலவு.

ஃப்ளைவீலின் எடையைக் குறைத்தால் எஞ்சினின் குதிரைத்திறன் அதிகரிக்காது. சக்கரத்தைச் சுழற்றிவிட எஞ்சின் செலவழிக்கும் உழைப்புதான் மிச்சமாகும். அந்த மிச்சமும் கியருக்குக் கியர் மாறும். 1967-இல் வந்த, நான்கு கியரிலும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 3.44, பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியலின் விகிதம் 3.909. மையத்திலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளி 3 கிலோ லேத்தில் கடைந்து எடுத்ததாகவும், டயரின் ஆரம் 30 செ.மீ. என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், முதல் கியரில் காரிலிருந்து ஏறத்தாழ 87 கிலோ இறக்கிய பலன் வரும். இரண்டாவதில் 34, மூன்றாவதில் 14, நான்காவதில் 7 கிலோதான். அதே 3 கிலோவை 6 செ.மீ. தூரத்தில் எடுத்தால் பலன் கால்வாசி. எவ்வளவு எடை என்பதைவிட எங்கே எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

ஆகவே நெடுஞ்சாலையில் டாப் கியரில் முந்தப் பிக்கப் தேடுபவருக்கு இது உதவாது. வளைவுச் சாலைகளில் ஓயாமல் கியர் இறக்கி ஓட்டுபவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்: ஆக்ஸிலரேட்டரைத் தட்டியதும் ஆர்பிஎம் ஏறும், காலை எடுத்ததும் இறங்கும்.

லேசாக்குவதன் பாதகம் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுகையில், தெரியும். இரட்டை எஸ்யு ரக கார்புரேட்டரில் த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வால்வு திரும்பும் தண்டு) தேய்ந்து காற்று கசிந்தால், கனமான சக்கரம் அந்தக் குறையை மறைத்துவிடும். லேசான சக்கரம் மறைக்காது. ஐட்லிங் ஏறி இறங்கும், சிக்னலில் வண்டி ஆஃப் ஆகும். முதலில் கார்புரேட்டரையும் இக்னிஷன் டைமிங்கையும் சரிசெய்யுங்கள். மேட்டில் வண்டியைக் கிளப்பக் கிளட்சைக் கூடுதலாக உரசவிட வேண்டியிருக்கும், அதனால் பிளேட் சீக்கிரம் தேயும்.

சாலையில் ஓடும் காருக்கு 2 முதல் 3 கிலோ குறைப்பதே போதும். அலுமினியச் சக்கரம் ரேஸ் டிராக்கிற்கு. அதில் கிளட்ச் உரசும் முகம் திருகி வைத்த இரும்புத் தட்டு என்பதால், ஒவ்வொரு கிளட்ச் மாற்றத்திலும் அந்தத் திருகுகளைப் பார்க்க வேண்டும்.

புது ஃப்ளைவீல் வாங்குவதானால், எஞ்சின் வகைக்குப் பொருந்துவதை எடுக்க எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 18ஜி, 18ஜிஏ ஆகியவை கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங் உள்ள எஞ்சின்கள். 1964 இறுதியில் வந்த 18ஜிபி முதல் ஐந்து. 18ஜிடியில் ஸ்டார்ட்டர் மாறியதால், ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியரும் மாறியது. பொருந்தாத ரிங் கியர் ஸ்டார்ட்டரின் பல்லைத் தின்றுவிடும்.

பழையதையே கடைவதானால் லேத் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். எஞ்சின் பக்க முகத்தில், விளிம்பை ஒட்டியே கடைய வேண்டும். கிராங்க் போல்ட்கள் இருக்கும் நடுப்பகுதியையும் ரிங் கியர் உட்காரும் விளிம்பையும் தொடக் கூடாது. எடை குறைக்க ஓட்டை போடவே வேண்டாம்: ஒவ்வொரு ஓட்டையின் ஓரமும் விரிசல் தொடங்கும் இடம். ஆர்பிஎம் இரட்டித்தால் சக்கரத்தைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். சக்கரம் வெடித்தால், அதை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கால் பக்கம் வரும். கடைந்தபின் விரிசல் சோதனையும், கிளட்ச் பிளேட்டை அழுத்தும் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸிங்கும் கட்டாயம். பேலன்ஸ் செய்த நிலையிலேயே இரண்டிலும் அடையாளம் குத்தி, மாட்டும்போது அதே இடத்தில் சேருங்கள்.

மாட்டும் முன் கிராங்கின் எண்ட் ஃப்ளோட்டை (அது முன்னும் பின்னும் நகரும் அளவை) அளந்துவிடுங்கள். ஐந்து பேரிங் எஞ்சினானால் பின்பக்க ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள். கசிந்தால் மறுபடியும் எஞ்சினை இறக்க வேண்டும்! கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிக்காட் புஷ்ஷையும் மாற்றி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துங்கள். கிராங்க் முகத்தில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் சக்கரம் கோணும், கிளட்ச் உதறும்; துடைத்து மாட்டி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், 0.08 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. ஃப்ளைவீல் போல்ட்களை, அவை தளராமல் பிடிக்கும் புதிய லாக் பிளேட்டோடு 54 நியூட்டன் மீட்டர், அதாவது 40 பவுண்டு அடி அளவுக்கு இறுக்குங்கள். பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி 34 முதல் 40 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள்.

எஞ்சின் நன்கு சூடானபின் ஐட்லிங்கை 900 ஆர்பிஎம் பக்கம் வையுங்கள். நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடத்து, கிளட்சை மிதித்ததும் அடங்கினால், இன்னும் 50 ஆர்பிஎம் ஏற்றிப் பாருங்கள்.