வளைவு ஆரத்தை மட்டும் நம்பாதீர்கள்: நெகிழ்மின்னணுவியல் படலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“5 மி.மீ. ஆரத்தில் 10,000 தடவை வளைத்தோம், ஒன்றும் ஆகவில்லை.” நெகிழும் திரை, நெகிழும் உணரி என்று பேச்சு வரும் இடங்களில் எல்லாம் இந்த வாக்கியம் என் காதில் விழுகிறது. உடனே மூன்று கேள்வி கேட்பேன். மின்சாரம் கடத்தவோ ஈரத்தைத் தடுக்கவோ பூசும் மெல்லிய படலத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் தாள், அதாவது சப்ஸ்ட்ரேட், எத்தனை மைக்ரான்? வளைத்தபோது படலம் வெளிப்பக்கம் இருந்ததா, உள்பக்கம் இருந்ததா? மின்தடையை வளைந்த நிலையில் அளந்தீர்களா, நிமிர்த்திவிட்டு அளந்தீர்களா? இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த 10,000 என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். படலத்தை உடைப்பது திரிபு, அதாவது இருந்த நீளத்தில் எத்தனை சதவீதம் நீண்டது அல்லது குறுகியது என்ற அளவு. தாளை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் குறுகும், இடையில் நீளம் மாறாத ஓர் இடம் இருக்கும். அதுதான் நடுநிலை அச்சு. தாளின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் எவ்வளவு திரிபு என்று தெரிய வேண்டுமானால், மொத்தத் தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ விடை கிடைத்துவிடும். 125 மைக்ரான் பெட் (PET) பிளாஸ்டிக் தாளை 5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 1.25 சதவீதம். 25 மைக்ரான் தாளை அதே ஆரத்தில் வளைத்தால் 0.25 சதவீதம்தான். ஒளிபுகும் மின்முனையாகப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமாக ஐடிஓ, பீங்கானைப் போல நொறுங்கும் பொருள். இழுத்தால் சுமார் 1 முதல் 2 சதவீதத் திரிபில் அதில் விரிசல் விழத் தொடங்கும். ஆகவே ஒரே ஐடிஓ, ஒரே ஆரம், ஆனால் ஒரு தாளில் பிழைக்கும், இன்னொன்றில் செத்துப்போகும். “எங்கள் ஐடிஓ உங்களுடையதைவிட நல்லது” என்று அதை வைத்துச் சொல்வது தவறு. மெலிந்த தாளுக்குச் சேர வேண்டிய பாராட்டு அது.

இதிலேயே இன்னொரு கண்ணி ஒளிந்திருக்கிறது. இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே மாதிரியை ‘ப’ வடிவில் மடித்துச் சோதிப்பது வழக்கம். தட்டுகளுக்கு இடையே 10 மி.மீ. என்றால் ஆரம் 5 மி.மீ. என்று எழுதிவிடுகிறார்கள். தாள் அங்கே அரைவட்டமாக வளைவதில்லை. தட்டைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய நேராகவும், நடுவில் மிகக் கூர்மையாகவும் வளைகிறது. உச்சியில் உண்மையான ஆரம் ஏறத்தாழ 4.2 மி.மீ.தான். 125 மைக்ரான் தாளில் நீங்கள் 1.25 என்று நினைத்த திரிபு 1.5 சதவீதமாக இருக்கும். ஐடிஓவுக்கு இந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம்.

நொறுங்கும் அடுக்கின் மேல் இன்னொரு தாளை ஒட்டி, அதை நடுநிலை அச்சுக்குக் கொண்டுவந்துவிட்டால் திரிபு சுழியாகிவிடும் என்பது பாடப்புத்தக யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் ஒட்டப் பயன்படும் பசை எப்படிப்பட்டது என்று பார்க்காமல் கணக்குப் போடக்கூடாது. ஒரு நோட்டுப்புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விளிம்பு படிக்கட்டுபோலச் சாயும். ஒவ்வொரு தாளும் தன் நடுநிலை அச்சைத் தானே வைத்துக்கொள்கிறது. எல்லாத் தாளையும் கெட்டியான பசையால் ஒட்டிவிட்டால் அதே புத்தகம் பலகையாகிவிடும். மடிப்புத் திரைகளில் அடுக்குகளுக்கு இடையே இருக்கும் ஒளிபுகும் பசை மிக மென்மையானது. அது சறுக்கிக்கொடுப்பதால் மொத்த அடுக்குக்கும் ஒரே ஒரு நடுநிலை அச்சு என்பது அங்கே பொருந்தாது. பசையை மாற்றினால் எந்த அடுக்கில் எவ்வளவு திரிபு என்பதே மாறிவிடும். மென்மையான பசை குளிரில் விறைக்கும் என்பதால், அறை வெப்பநிலையில் பாதுகாப்பாக இருந்த அடுக்கு குளிரில் உடையலாம்.

“பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தடிமனாகப் பூசிவிடலாம்” என்ற முடிவும் அப்படித்தான் ஏமாற்றும். 1921இல் கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடியை வைத்துக் காட்டியதுபோல, விரிசல் ஓடுவதற்குத் தேவையான ஆற்றல் பொருளை இழுக்கும்போது சுருள்வில்லில்போல அதில் சேரும் மீள்ஆற்றலிலிருந்து வருகிறது. படலம் தடிமனானால் ஒரு விரிசல் விடுவிக்கும் ஆற்றலும் அதே அளவு கூடும். அதனால் உடையும் திரிபு தடிமனின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஈரம் புகாமல் தடுக்க 100 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு போதாதென்று 400 நானோமீட்டர் பூசினால், அது ஏறத்தாழப் பாதித் திரிபிலேயே விரிசல் விட்டுவிடும். தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆன ஓஎல்இடி திரைக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குமேல் நீராவி புகக்கூடாது என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் போதும், அந்தக் காப்பு போய்விடும். மெல்லிய கனிமப் படலங்களையும் பாலிமர் அடுக்குகளையும் மாறிமாறி வைப்பதற்குக் காரணம் இதுவே.

வெட்டிய விளிம்பைப் பற்றி நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை ஒரே தாளிலிருந்து எடுத்த பட்டைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத திரிபுகளில் உடைந்தன. பூச்சு இயந்திரத்தைச் சந்தேகித்தோம், தாளைச் சந்தேகித்தோம். நுண்ணோக்கியில் விளிம்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கத்தரிக்கோல் பட்ட ஓரம் முழுக்கச் சீப்புப் பல்போலச் சின்னச் சின்ன விரிசல்கள், ஒவ்வொன்றும் உள்ளே போகத் தயாராக நிற்கின்றன. சோதனை தொடங்குவதற்கு முன்பே படலம் உடைந்திருந்தது. பிறகு முதலில் தாளைப் பட்டையாக வெட்டிக்கொண்டு, மறைப்பு வைத்து, ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் படலம் பூசினோம். சிதறல் அடங்கிவிட்டது. விளிம்பைப் பார்க்காமல் வெளியிடும் ‘உடையும் திரிபு’ எண்ணை இன்றும் நான் நம்புவதில்லை.

மின்தடைக்கு வருவோம். இழுத்தோ வளைத்தோ முடித்தபின் மாதிரியை மேசைமேல் நிமிர்த்தி வைத்து அளப்பதுதான் மிகப் பரவலான தவறு. விரிசலின் இரு கரையும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மின்னோட்டம் பாயும். மீட்டர் பழைய எண்ணையே காட்டும். மறுபடி வளைத்தால் எங்கோ ஏறிப்போய் நிற்கும். அளவை வளைந்த நிலையிலேயே, தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உலோகக் கம்பிப் பாதையை இழுத்தால், விரிசல் இல்லாவிட்டாலும் நீளம் கூடி அகலமும் தடிமனும் குறைவதால் தடை ஏறத்தான் செய்யும். கனஅளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், 10 சதவீத நீட்சிக்கு 21 சதவீத ஏற்றம் இயல்பு. அதற்குமேல் ஏறினால்தான் விரிசலைத் தேட வேண்டும்.

இழுவிசையில் வரும் விரிசலை எல்லோரும் தேடுகிறார்கள். அமுக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஐடிஓ பூசிய பட்டையை இழுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் இழுக்கும் திசைக்குக் குறுக்கே நேர்கோடுகளாக விரிசல் விழும். இன்னும் இழுத்தால், இழுக்கும் திசையிலேயே சின்னக் கூரைகள்போலப் படலம் தூக்கி நிற்கும். தாள் நீளும்போது பக்கவாட்டில் சுருங்குகிறது. சுருக்கத்தைத் தாங்க முடியாத படலம் ஒட்டுப்பிடியை விட்டு எழும்புகிறது. உள்பக்கமாக மடித்தாலும் இதே கதைதான். அங்கே தீர்மானிப்பது படலத்தின் வலிமையைவிட ஒட்டுப்பிடி. பூசும் முன் ஒட்டிக்கொண்ட ஒரு தூசி, துடைக்காத ஒரு விரல்ரேகை, இவைதான் அந்த எழும்பலின் தொடக்கப்புள்ளி.

இதோடு எச்சத் தகைவும், அதாவது வெளியிலிருந்து யாரும் வளைக்காதபோதே படலத்துக்குள் தங்கியிருக்கும் விசையும், சேர்ந்துகொள்ளும். படலம் பூசி முடித்த கணத்தில் அது ஓய்வாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சூட்டில் பூசி ஆறவிட்டால் பிளாஸ்டிக் அதிகம் சுருங்கும், பீங்கான் படலம் குறைவாகச் சுருங்கும். 100 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 0.1 சதவீத அமுக்கம் படலத்தில் தங்கிவிடலாம். வெளிப்பக்கம் வளைக்கும்போது அது நமக்கு உதவும், உள்பக்கம் வளைக்கும்போது எதிராக நிற்கும். வெற்றிடக் கலத்தில் அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் பூசும் ஸ்பட்டரிங் முறையில் வாயு அழுத்தத்தைக் குறைத்தால் படலம் அமுக்கத்திலும், கூட்டினால் இழுவிசையிலும் அமர்வது வழக்கம். தாள் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதிலிருந்து இந்தத் தகைவைக் கணக்கிட 1909இல் ஸ்டோனி தந்த சூத்திரத்தை இன்றும் எல்லோரும் எடுக்கிறார்கள். அது தாளோடு ஒப்பிடப் படலம் மிக மெல்லியதாகவும், தாள் கொஞ்சமே வளைவதாகவும் கொண்டு எழுதப்பட்டது. சிலிக்கான் தகட்டுக்குப் பிரமாதமாகப் பொருந்தும். சுருண்டு குழலாகிவிட்ட 12 மைக்ரான் பிளாஸ்டிக்கில் அதைப் போட்டு வரும் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

உலோகம் நொறுங்காது, ஆகவே கவலையில்லை என்பவர்களுக்கு ஒன்று. தாங்குதாள் இல்லாத தனிச் செம்புப் படலம் ஓரிரு சதவீதத்திலேயே ஓரிடத்தில் மெலிந்து அறுந்துவிடும். அதே செம்பு பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளில் நன்றாக ஒட்டியிருந்தால் பத்துப் பத்தாகச் சதவீதங்களைத் தாண்டி நீளும், ஏனென்றால் ஓரிடத்தில் மட்டும் மெலிய தாள் விடாது. ஒட்டுப்பிடி போனால் இந்தத் திறனும் போச்சு. ஒட்டுவதற்காக அடியில் போடும் குரோமியம் மிகத் தடிமனாக இருந்தால் அது முதலில் விரிசல் விட்டு, அந்த விரிசல் செம்பின் அடியில் கீறலாக உட்கார்ந்துகொள்ளும். ஒட்டுப்பிடியைச் சோதிக்க பூச்சில் கட்டம் கட்டமாகக் கீறி, அதன்மேல் நாடா ஒட்டிப் பிய்க்கும் குறுக்குக்கீறல் முறையைத்தான் பலர் நம்புகிறார்கள். அது மோசமான பூச்சைப் பிடித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். 5பி என்ற உயர்ந்த மதிப்பெண் வாங்கிய இரண்டு பூச்சுகளில் எது வளைவில் தாங்கும் என்று அது சொல்லாது. உரிப்பு விசையையோ, படலத்தையும் தாளையும் பிரிக்கத் தேவையான இடைமுக ஆற்றலையோ அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரமும் ஈரமும் தனிக் கணக்கு. ஆக்சைடு, நைட்ரைடு படலங்களில் விரிசல் நுனியின் பிணைப்புகளை நீர் மூலக்கூறு தாக்குவதால், உடையும் திரிபுக்குக் கீழேயே விரிசல் மெல்ல நகரும். ஐந்து நிமிடச் சோதனையில் தேறிய மாதிரி, ஈரக் காற்றில் வளைந்த நிலையிலேயே ஒரு வாரம் கிடந்தால் தேறாமல் போகலாம். திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தும் சுழற்சிச் சோதனையை மட்டும் செய்துவிட்டு, மடித்தே வைத்திருக்கும் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, ஆய்வகத்தில் வளைவு எப்போதும் சுத்தமாக, சீராக இருக்கும். கையில் இருக்கும் கருவியில் அப்படி இருக்காது. 2019 ஏப்ரலில் சாம்சங்கின் முதல் மடிப்புத்திரைத் தொலைபேசியான கேலக்ஸி ஃபோல்டு விமர்சகர்கள் கைக்குப் போனபோது சில திரைகள் சில நாள்களிலேயே பழுதாயின. திரையின் மேலிருந்த பாலிமர் அடுக்கைப் பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். இன்னொன்றில் கீலின் இடைவெளி வழியே துகள் உள்ளே போயிருந்தது. அடியில் சிக்கிய ஒரு துகள் அதன்மேல் இருக்கும் படலத்தை ஒரு புள்ளியில் குத்தி வளைக்கும். அந்த இடத்தின் ஆரம் மி.மீ. கணக்கில் வராது. வெளியீட்டைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்து, மேல் அடுக்கைச் சட்டத்தின் அடிவரை நீட்டி, கீலின் மேலும் கீழும் மூடிகள் வைத்துத்தான் அது கடைக்கு வந்தது.