சட்டத்துக்குள் பழுப்பேறிய கைக்குட்டை

அப்பாடா, மூன்று நாள் தொல்லை தீர்ந்தது. பாட்டியின் பூவேலைப் பருத்திக் கைக்குட்டையை அக்காவுக்குப் பரிசாகத் தர, போன வருஷமே கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தேன். இப்போது பார்த்தால் பழுப்புக் கறை.

சோப்பு தங்கிவிட்டதோ என்று அலசினேன், தண்ணீர் நுரைக்கவில்லை. ஈரமோ என்று சிலிக்கா ஜெல் வைத்தேன், பயனில்லை. பின்புறம் திருப்பியபோதுதான் பிடிபட்டது: கறை திட்டுத்திட்டாக இல்லை, ஒரே இடைவெளியில் கோடுகோடாக இருந்தது. பின்னால் வைத்த அட்டைப்பெட்டி அட்டையின் நெளிவுகள் அப்படியே! அட்டையின் அமிலம் துணியில் இறங்கியிருக்கிறது.

முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நூலையும் ஒற்றி, சாயம் போகிறதா என்று பாருங்கள், சிவப்புதான் ஏமாற்றும். பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டேன். டீ நிறத்தில் இறங்கியது. மூன்று முறை மாற்றினேன். மிச்சக் கறைக்கு, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 1 தேக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜனால் கறை வெளுக்கும் தூள்), 4 மணி நேரம். பட்டுக்கு இது ஆகாது.

இஸ்திரி போடவில்லை. ஈரத்தோடு கண்ணாடிமேல் நீவி ஒட்டிக் காயவைத்தால் ஓரப் பின்னல்கூட நேராக நிற்கும். இந்த முறை அமிலமற்ற அட்டை. பசை இல்லாமல் ஓரமடிப்பில் மட்டும் 2 செ.மீ. இடைவெளியில் தையல். கண்ணாடி துணியில் படாமலிருக்க 3 மி.மீ. பட்டை.