இன்சுலின் போடும் முன்: குப்பி 40-ஆ, 100-ஆ?

புதிதாக வார்டுக்கு வரும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், மருந்து, அளவு, நேரம், வழி ஆகியவற்றைச் சரிபார்ப்பது முதலாண்டிலேயே மனப்பாடமாகியிருக்கும். கை கழுவுவது, ஊசி குத்தும் இடம் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இவை எல்லாம் சரியாக இருந்தும் இன்சுலின் அளவு தவறிப்போக ஒரு வழி இருக்கிறது: குப்பியும் சிரிஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது.

1. முதலில் சார்ட். அளவு "4 யூனிட்" என்று முழுச் சொல்லாக இருக்க வேண்டும். ஆங்கில யூ எழுத்தை மட்டும் போட்டிருந்தால், அவசரக் கையெழுத்தில் அது சுழியம் போலத் தெரிந்து 4 என்பது 40 ஆகிவிடும். டாக்டரிடம் திருத்தி எழுதி வாங்குங்கள். சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

2. சுகர் பாருங்கள்; சாப்பாடு வந்ததா என்றும் பாருங்கள். ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேகமாக வேலை செய்யும் இன்சுலின்களைத் தட்டு கண்ணில் பட்ட பிறகே போடுவது நல்லது. ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்கு டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

3. குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். நிதானிக்க வேண்டிய இடம் இதுதான்.

நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி. பேனா கார்ட்ரிட்ஜும் சில கிளார்ஜின் (நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) குப்பிகளும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. எங்கள் வார்டில் ஒருமுறை சிவப்பு தீர்ந்துபோய், நோயாளியின் மகன் கடையிலிருந்து ஆரஞ்சு வாங்கி வந்தார். இரண்டும் பார்வைக்கு ஒரே சிரிஞ்சுதான்.

கணக்கைப் பாருங்கள். போட வேண்டியது 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால், உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். மாறாக, 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் 0.5 மில்லி, 50 யூனிட்! இரண்டாவதன் ஆபத்து எவருக்கும் புரியும். முதலாவது ஓசையில்லாமல் கெடுக்கும். சுகர் இறங்கவில்லையே என்று ரவுண்ட்ஸில் டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். அடுத்த ஷிப்டில் சரியான சிரிஞ்சு வந்துசேரும். கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும்.

எண்கள் பொருந்தவில்லையா? இரண்டரையால் பெருக்கி, வகுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். நைட் டூட்டியில் மூன்று மணிக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சிரிஞ்சை மாற்றுங்கள். மூடியின் நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். மூடியைக் கழற்றினால் நிறமும் போய்விடும், குழலில் அச்சிட்ட எண்தான் மிஞ்சும்.

4. ஏற்றுதல். கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுங்கள், குலுக்காதீர்கள். ரெகுலரையும் என்.பி.எச்-ஐயும் ஒரே சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் தெளிந்த ரெகுலர் முதலில், கலங்கலான என்.பி.எச் பிறகு. கிளார்ஜினை எதனோடும் கலக்கக் கூடாது.

ஏற்றியதும் இன்னொரு செவிலியரிடம் காட்டுங்கள். "இருபது, சரிதானே சிஸ்டர்?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். சார்ட், குப்பி, சிரிஞ்சு மூன்றையும் கையில் கொடுத்து, அளவை அவரே சொல்லட்டும்.

5. போட்ட பிறகே கையெழுத்து. நோயாளிக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் நரம்பு வழியாகத்தான்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள்.

சாதாரண 1 மில்லி சிரிஞ்சில் எடுக்கலாமா? 40 குப்பியில் 20 யூனிட் என்றால் 0.5 மில்லி, எளிது. 7 யூனிட் என்றால் 0.175 மில்லி. அதற்கு அந்தச் சிரிஞ்சில் கோடே இல்லை. ஊசி பொருத்தியே வரும் இன்சுலின் சிரிஞ்சுதான் என் தேர்வு.

பேனாவில் ஊசியை மட்டும் மாற்றி அடுத்த நோயாளிக்குப் போடலாமா? கூடாது. ரத்தம் பின்னோக்கிக் கார்ட்ரிட்ஜுக்குள் போக வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு ஒரு பேனா. கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைச் செருகி மருந்தை உறிஞ்சுவதும் வேண்டாம். அது 100, கையில் இருப்பது பெரும்பாலும் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சு. பெயர்ச் சீட்டைப் பேனாவின் மூடியில் ஒட்டாமல் உடலில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறிவிடும்.