மான்டிசோரி: பெரியவர்கள் கை சும்மா இருக்காததால் வரும் தவறுகள்

சேலத்தில் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், 'மான்டிசோரி' என்ற பலகைக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை தானே பொருளை எடுத்து, கையால் செய்து பழகிக் கற்கிற முறை அது. அந்தப் பெயர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். பலகையை நம்பிப் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. இப்படிப்பட்ட வகுப்பில் சில வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கும் முன், ஒரு காலை முழுக்க வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

3 முதல் 6 வயது வரை ஒரே அறையில் கலந்திருக்க வேண்டும். மணி அடித்துப் பாடம் மாற்றாமல், ஏறக்குறைய 3 மணி நேரம் பிள்ளைகள் தாங்கள் எடுத்த வேலையிலேயே இருக்க வேண்டும். கருவிகள் வகைக்கு ஒன்றுதான் இருக்கும். அடுத்தவன் முடிக்கும்வரை காத்திருப்பதும் பாடத்தில் சேர்த்தி. டீச்சர் எங்கே என்று நாம் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தால் நல்லது. எல்கேஜி, யூகேஜி என்று பிரித்து, கருவிகளை அலமாரியில் பூட்டி வைத்து, எல்லாரையும் ஒரே குரலில் ஒப்பிக்க வைத்தால் அது வேறு பள்ளி. நல்ல பள்ளியாகக்கூட இருக்கலாம், ஆனால் மான்டிசோரி இல்லை.

அடுத்தது, பொருள் வாங்கிக் குவிப்பது. 'பிங்க் டவர்' என்கிற 10 மரக்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ.யில் தொடங்கி 10 செ.மீ. வரை, எல்லாம் ஒரே நிறம். அளவு ஒன்று மட்டும் மாறினால்தான் கண் அளவைக் கவனிக்கும். ஆன்லைனில் அதையே கட்டைக்கொரு நிறம் பூசி, மேலே எண்ணும் போட்டு விற்கிறார்கள். பிள்ளை எண்ணைப் பார்த்து அடுக்கிவிடும், கண்ணுக்கு வேலையே இல்லை. காசும் போச்சு.

அதுவும் ஜவ்வரிசி விளையும் ஊரில் இருந்துகொண்டு! (விளைவது மரவள்ளிக் கிழங்குதான், தெரியும்.) ஒரு தட்டு, இரண்டு சின்ன டம்ளர், அரை டம்ளர் ஜவ்வரிசி. இதிலிருந்து அதற்கு ஊற்று, அதிலிருந்து இதற்கு ஊற்று. மூன்று வயசுக்குக் கீழே என்றால் தண்ணீர் போதும். ஜவ்வரிசியை மூக்கில் போட்டுக்கொண்ட பிள்ளையோடு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

டம்ளரைக் கொடுத்துவிட்டோம். தட்டில் பத்து ஜவ்வரிசி சிந்துகிறது. உடனே "குடு சாமி, அம்மாயி ஊத்தறேன்" என்று ஒரு கை நீளும். எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு இந்தக் கைதான். இந்த முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி இத்தாலி நாட்டு டாக்டர். 1907 ஜனவரி 6-ல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில், கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளை வைத்து முதல் பள்ளியைத் தொடங்கினார். மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்ததை அவர் எழுதியிருக்கிறார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாட வைத்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் நிமிரவே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாக நிறுத்திச் சிரித்தாள். அவளிடம் நம்மில் ஒருவர் "சூப்பர் கண்ணு!" என்று கை தட்டியிருந்தால் மூன்றாம் தடவையிலேயே நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பாள். திட்டுவது மட்டுமல்ல, பாராட்டும் குறுக்கே விழும்.

அதற்காகப் பிள்ளை இஷ்டப்படி ஆடட்டும் என்று விடுவதும் தப்பு. எடுத்த வேலையை முடித்து எடுத்த இடத்தில் வைப்பது, அடுத்தவன் வேலையைக் கலைக்காதது, இரண்டிலும் விட்டுக்கொடுப்பு கிடையாது.

வயசைப் படிக்கத் தெரியாததால் வரும் தவறுகள் தனி. தினமும் அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்து போகிற வண்டி; ஒரு நாள் அம்மா ஓட்டினால் இரண்டு வயசுப் பிள்ளை ஊரைக் கூட்டும். 'அடம்' என்று நாலு சாத்து சாத்துகிறோம். எது எங்கே, எதற்குப் பின் எது என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வயசு உலகத்தைப் புரிந்துகொள்கிறது. கலைந்தது அதன் ஒழுங்கு.

மூன்று வயசில் பென்சிலைத் திணிப்பதும் இந்த வகைதான். விரலே இன்னும் பதமாகவில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை முதலில் விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழக வேண்டும். திண்ணைப் பள்ளி மணலையும், விஜயதசமி அரிசித் தட்டையும் கண்ட நமக்கு இது புதிதா? தமிழில் 247 எழுத்து என்று பயந்து அட்டவணையை ஒப்பிக்க வைக்காமல், 'அம்மா', 'படம்' என்று சொல்லுக்குள் கேட்கும் ஒலியிலிருந்து போகலாம்.

வளர்ச்சியை 0–6, 6–12, 12–18, 18–24 என்று நாலு கட்டமாகப் பிரித்தார் மான்டிசோரி. பால்பல் விழும்போது முதல் கட்டம் முடிகிறது. ஜவ்வரிசி ஊற்றி லயித்த பிள்ளைக்கு இப்போது அது சலிப்பு. கூட்டாளிகள் வேண்டும், 'ஏன்' வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் மண்ணில் இறங்கி வேலை செய்து, நாலு காசு சம்பாதித்துப் பார்க்க வேண்டும் என்றார். நாம் அந்த வயசை விடிகாலை டியூஷனுக்கு எழுப்புகிறோம்.

அவர் 1939-ல், 69 வயதில், சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி கொடுக்க வந்தவர். இரண்டாம் உலகப் போர் காரணமாக இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. 6–12 வயசுக்கான அவருடைய பாடத்திட்டம் திரண்டு வந்தது கொடைக்கானலில். பாசியும் பூச்சியும் மரமும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று வெளியே போய்ப் பார்க்கும் பாடம் அது.

எங்களுக்கு ஏற்காடு இருக்கிறது. காப்பிச் செடி ஏன் நிழலில் நிற்கிறது, மிளகுக் கொடி ஏன் சில்வர் ஓக்கில் ஏறுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கேட்கலாம். 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவது திரும்பும்போது என் தங்கச்சி மகன் கேட்டான்: "பெரிம்மா, ரோடு ஏன் நேரா மேல போகல?" முன் சீட்டிலிருந்து பதில் வந்தது: "பேசாம வாடா, வாந்தி வரும்."